குழந்தை வந்து உட்காரும் முன்: ஸ்டூடியோ விளக்குகளைச் சோதித்துப் பார்க்கும் முறை

ஒன்றரை வயதோ இரண்டு வயதோ ஆன ஒரு குழந்தை ஸ்டூடியோவுக்குள் வந்ததும் நமக்குக் கிடைக்கும் நல்ல நேரம் கொஞ்சம்தான். தூக்கம் தெளிந்திருக்க வேண்டும், வயிறு நிறைந்திருக்க வேண்டும், புது இடத்தைக் கண்டு மிரளாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடிவரும் பத்து, பதினைந்து நிமிடங்களில்தான் நமக்கு வேண்டிய படம் இருக்கிறது. அந்த நேரத்தில் விளக்கின் பவரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு நின்றால் குழந்தைக்கு அலுத்துவிடும். அப்புறம் எத்தனை பொம்மை காட்டினாலும் அந்த முகம் திரும்பி வராது.

நான் தொடங்கிய காலத்தில் நண்பர் ஒருவரை நிற்க வைத்து வெளிச்சத்தைச் சரிபார்ப்பேன். அவர் முகத்தில் எல்லாம் அழகாக இருக்கும். ஒருநாள் இரண்டு வயதுப் பெண் குழந்தை வந்தாள். நேரே போய்த் தரையில் உட்கார்ந்து கையிலிருந்த பொம்மையைக் குனிந்து பார்த்தாள். எடுத்த முதல் படத்தில் உச்சந்தலை வெள்ளையாக வெளுத்திருந்தது, இரண்டு கண்ணும் இருட்டுக் குழியாக இருந்தன. விளக்கு ஆறடி மனிதருக்கு வைத்த உயரத்திலேயே நின்றது. அதை இறக்கி, மறுபடி அளந்து முடிப்பதற்குள் அவள் அம்மாவின் தோளில் ஏறிவிட்டாள். அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி ஒரு படம்கூட என்னிடம் இல்லை. அதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று புரிந்தது இதுதான். பெரியவர் ஒருவர் நாம் சொன்ன இடத்தில் நிற்பார், சொன்ன பக்கம் திரும்புவார். அவருக்கு ஒரு புள்ளியில் வெளிச்சம் சரியாக இருந்தால் போதும். குழந்தை எழும், தவழும், விளக்கை நோக்கி நடக்கும், முதுகைக் காட்டி உட்காரும். ஆகவே குழந்தைக்கு வெளிச்சத்தைச் சோதிப்பது என்றால், ஒரு பாய் அளவுப் பரப்பு முழுவதும் சோதிப்பது. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இதற்காகத்தான். முதல் தடவை செய்ய ஒரு மணி நேரம் ஆகலாம். பழகிவிட்டால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

உங்களிடம் ஒரு ஸ்டூடியோ ஃப்ளாஷ், அதற்கு ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்க விளக்கின் முன் மாட்டும் துணிப்பெட்டி), ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டர் (ஒளியைத் திருப்பி அனுப்பும் பலகை), ஒரு சாதாரணப் பின்திரை இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தொடங்குபவருக்கு இது போதும்.

ஸ்டாண்டுகளை முதலில் அசையாமல் நிறுத்துங்கள்

பாதுகாப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விடுகிறார்கள். அதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அளவெல்லாம் எடுத்த பிறகு மணல் மூட்டை போடுகிறேன், வயரை ஒதுக்குகிறேன் என்று ஸ்டாண்டைத் தொட்டால், அது இருபது செ.மீ. நகர்ந்தாலும் எடுத்த அளவு வீணாகிவிடும்.

ஸ்டாண்டின் மூன்று கால்களையும் நன்றாக விரித்து வையுங்கள். ஒரு கால் விளக்கு சாயும் திசையை நோக்கி இருக்கட்டும். காலின் மேல் மணல் மூட்டையைத் தொங்கவிடுங்கள். மூட்டையின் பாரம் தரையில் இறங்கிவிடாமல் காலின் மேலேயே நிற்க வேண்டும், அப்போதுதான் அது பிடிக்கும். வயர்களைச் சுவரோரமாகக் கொண்டுபோய், தரையோடு சேர்த்து நீளமாக டேப் ஒட்டிவிடுங்கள். விளக்கு வயரை ஸ்டாண்டின் அடியில் ஒரு சுற்று சுற்றிவிட்டால், யாராவது கால் இடறினாலும் இழுப்பு அடிக்காலில் நின்றுவிடும், உச்சியில் இருக்கும் விளக்கைச் சாய்க்காது.

இப்போது ஸ்டாண்டை முட்டி உயரத்தில் பிடித்து உலுக்கிப் பாருங்கள். நடக்கப் பழகும் குழந்தை எழுந்து நிற்க எதையாவது பற்றிக்கொள்ளும், அந்தக் கை போகும் உயரம் ஏறத்தாழ இதுதான். ஆடினால் இன்னொரு மூட்டை போடுங்கள். பூம் கம்பியில் (ஸ்டாண்டிலிருந்து குறுக்கே நீளும் கம்பி) விளக்கைத் தொங்கவிடுவதாக இருந்தால், மறுமுனையில் எதிர்ப்பாரம் இல்லாமல் குழந்தையின் தலைக்கு மேலே கொண்டுபோகவே கூடாது. எனக்குக் கேட்டால், உதவிக்கு ஆள் இல்லாத நாளில் பூமையே தொட வேண்டாம் என்பேன்.

சூடாகும் ஹாலஜன் விளக்குகளைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கடைசியாக, நீங்களே மண்டியிட்டு அந்த இடத்தை ஒரு சுற்றுத் தவழ்ந்து வாருங்கள். நின்று பார்த்தபோது கண்ணில் படாத கிளிப், கூர்முனை, திறந்திருக்கும் பிளக் பாயிண்ட் எல்லாம் தெரியும்.

குழந்தைக்குப் பதில் எதை வைப்பது

பெரியவரை நிற்க வைக்காதீர்கள் என்றேன். வேறு யாரை வைப்பது? உயரம் சரியாக இருக்கும் எதுவும் உதவும். ஒரு வயதுக் குழந்தை நின்றால் சுமார் 75 செ.மீ. இருக்கும், இரண்டு வயதில் ஏறத்தாழ 86, மூன்று வயதில் 95 செ.மீ. கண் இதற்குப் பத்து செ.மீ. அளவு கீழே. தரையில் உட்கார்ந்துவிட்டால் கண்கள் தரையிலிருந்து 40 செ.மீ.க்குப் பக்கத்தில்தான் இருக்கும். நாம் மனத்தில் நினைப்பதைவிட இது மிகவும் தாழ்வு. ஒருமுறை டேப் வைத்து அளந்து பார்த்தால் விளக்கை எவ்வளவு இறக்க வேண்டும் என்பது உடனே விளங்கும்.

என்னிடம் ஒரு பெரிய பொம்மை இருக்கிறது. குழந்தை அளவுத் தலை, உள்ளே குழிந்த கண்கள், கண்ணாடி விழிகள். விழி பளபளப்பாக இருப்பது முக்கியம், கண்ணில் விழும் ஒளிப்பொட்டை அதில்தான் பார்க்க முடியும். பஞ்சு பொம்மையில் அது தெரியாது. பிளாஸ்டிக் பொம்மையின் முகம் மட்டும் தோலைவிட அதிகமாக மின்னும். நெற்றியிலும் கன்னத்திலும் கொஞ்சம் முகப்பவுடர் பூசிவிட்டால் அந்த மினுமினுப்பு அடங்கும்.

பொம்மைக்கு ஒரு பக்கம் வெள்ளைத் துணியும் மறுபக்கம் கறுப்புத் துணியும் போர்த்துங்கள். வெள்ளையில் நெசவு தெரிய வேண்டும், கறுப்பில் மடிப்பு தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தால், குழந்தை என்ன உடையில் வந்தாலும் கவலை இல்லை. தலையில் ஒரு கறுப்பு விக்கோ துணியோ இருக்கட்டும். கருங்கூந்தல் இருண்ட பின்திரையோடு கலந்து தலையின் வடிவமே மறைந்துபோவது பொதுவாக நடக்கும் தவறு, அதை இப்போதே பிடித்துவிடலாம்.

பொம்மை இல்லையென்றால் ஸ்டூல் மேல் ஒரு பந்தை வைத்து, அதில் மூக்கு போல ஒரு சின்ன உருண்டையை ஒட்டினாலும் நிழல் எப்படி விழுகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் பொம்மையை வைத்துச் சோதித்த பிறகு, கடைசியாக ஒரே ஒரு படம் உண்மையான மனிதத் தோலில் எடுங்கள். உதவியாளரோ வீட்டிலிருப்பவரோ அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து, தலையைத் தாழ்த்திக் கொடுத்தால் போதும்.

இருட்டுப் படம் ஒன்று

ஃப்ளாஷைப் போடுவதற்கு முன், அது இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கேமராவை மேனுவலில் (அளவுகளை நாமே வைக்கும் முறை) வைத்து ஐஎஸ்ஓ (ஒளிக்கு கேமராவின் உணர்திறன்) 100, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம், நொடியில்) 1/160, அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 8. படம் முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். வந்தால், இனி படத்தில் விழும் வெளிச்சமெல்லாம் நாம் வைக்கும் விளக்கினுடையது மட்டுமே.

கறுப்பாக வராமல் ஏதோ மங்கலாகத் தெரிகிறது என்றால் ஜன்னலோ கூரை விளக்கோ உள்ளே நுழைகிறது. கூரை விளக்கின் மஞ்சள் நிறம் நிழல்களில் ஏறிக்கொள்ளும். ஓடும் குழந்தையின் கையைச் சுற்றி ஆவி போல ஒரு மங்கல் உருவமும் விழலாம். திரையை இழுத்து மூடுங்கள் அல்லது அந்த விளக்கை அணையுங்கள். அறை முழுவதையும் இருட்டாக்கிவிடாதீர்கள். இருட்டறை குழந்தையைப் பயமுறுத்தும், கண்மணியும் பெரிதாக விரிந்து கண்ணின் நிறத்தை விழுங்கிவிடும். ஃப்ளாஷில் இருக்கும் மாடலிங் லைட்டை (தொடர்ந்து எரியும் சிறு விளக்கு) மிதமாக எரியவிடுங்கள். அறையும் இதமாக இருக்கும், கேமரா ஃபோகஸ் பிடிக்கவும் வெளிச்சம் கிடைக்கும். அது எரியும்போது அந்த இருட்டுப் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1/160 எதற்கு என்று கேட்கலாம். பெரும்பாலான கேமராக்கள் 1/200 அல்லது 1/250 வரைதான் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும். அதைத் தாண்டினால் ஷட்டரின் திரை படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டையாக விழும். ரேடியோ ட்ரிகர் (கேமராவிலிருந்து வயரில்லாமல் ஃப்ளாஷை அடிக்க வைக்கும் கருவி) கொஞ்சம் தாமதித்தாலும் இந்தப் பட்டை எட்டிப்பார்க்கும். வெள்ளைச் சுவரை நோக்கி ஃப்ளாஷ் அடித்து 1/125, 1/160, 1/200, 1/250 என்று நான்கு படம் எடுங்கள். எதில் ஓரம் இருள்கிறதோ அதற்கு ஒரு படி கீழே உங்கள் எல்லை. இதை ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அந்தக் கேமராவுக்கும் அந்த ட்ரிகருக்கும் அதுவே போதும்.

முதன்மை விளக்கின் உயரம்

பெரியவர்களுக்கு விளக்கை உயரத்தில் வைத்து 45 டிகிரி சாய்ப்பது வழக்கம். குழந்தைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை பாதி நேரம் கையிலிருப்பதையே குனிந்து பார்க்கும். அப்போது மேலிருந்து வரும் வெளிச்சத்தை நெற்றி மறைத்துவிடும், கண் இருண்டுவிடும். மூக்குத் தண்டு இன்னும் உயராத, கன்னம் உருண்ட முகத்தில் மேலிருந்து விழும் நிழல் கன்னத்தின் கீழ் தொங்கலாகத் தெரியும். பிஞ்சு முகம் களைத்துப்போன மாதிரி ஆகிவிடும்.

அதனால் நான் இப்படி வைக்கிறேன். 120 செ.மீ. அகலமுள்ள சாஃப்ட்பாக்ஸ், குழந்தை உட்காரும் இடத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி, கேமராவுக்கு ஒரு பக்கமாக 40 டிகிரி அளவில். சாஃப்ட்பாக்ஸின் நடுப்பகுதி தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில். தரையில் உட்கார்ந்த குழந்தையின் கண்ணுக்கு இது 25 டிகிரியைவிடக் குறைந்த கோணம்தான். நின்று ஓடும் மூன்று வயதுக் குழந்தையென்றால் இன்னும் 40 செ.மீ. ஏற்றலாம்.

பொம்மையை வைத்து மூன்று படம் எடுங்கள்: நேரே பார்ப்பது போல ஒன்று, தலையைக் குனிந்தபடி ஒன்று, விளக்குக்கு எதிர்ப்பக்கம் திரும்பியபடி ஒன்று. முதல் படத்தில் விழியின் மேல்பாதியில், கடிகாரத்தில் பத்து மணி அல்லது இரண்டு மணி இருக்கும் இடத்தில் ஒளிப்பொட்டு விழுந்திருக்க வேண்டும். குனிந்த படத்திலும் ஏதாவது ஒரு பொட்டு கண்ணில் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இல்லையென்றால் விளக்கைப் பத்து செ.மீ. இறக்கி மறுபடி எடுங்கள். தரையில் வெள்ளை விரிப்பு போட்டாலே கீழிருந்து கொஞ்சம் ஒளி எழும்பி அந்தக் குறையைப் பாதி தீர்த்துவிடும்.

கண்ணாடி அணியும் குழந்தை வரப்போகிறது என்றால் பெற்றோரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, பொம்மைக்கு ஒரு பழைய கண்ணாடியை மாட்டிப் பாருங்கள். கண்ணாடியில் சாஃப்ட்பாக்ஸ் முழுதாகத் தெரிந்தால் விளக்கை இன்னும் பக்கவாட்டில் தள்ள வேண்டியிருக்கும்.

பரப்பை அளப்பது

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். மற்ற எதையாவது விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஒளியிலிருந்து விலக விலக வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு (வெளிச்சம் இரட்டிப்பானாலோ பாதியானாலோ அது ஒரு ஸ்டாப்). இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் குழந்தையைப் படமெடுக்கும்போது அது என்ன செய்யும் என்று பாருங்கள்.

விளக்கை 1 மீட்டரில் வைத்திருக்கிறீர்கள். குழந்தை அரை மீட்டர் முன்னே தவழ்ந்து விளக்கிடம் வந்துவிட்டது. தூரம் பாதியானது, வெளிச்சம் நான்கு மடங்கு, இரண்டு ஸ்டாப் கூடிவிட்டது. முகம் வெளுத்துப்போன படம். அதே குழந்தை அரை மீட்டர் பின்னே போயிருந்தால் ஒரு ஸ்டாப்புக்கும் மேல் குறைந்திருக்கும்.

விளக்கு 2 மீட்டரில் இருக்கும்போது அதே அரை மீட்டர் முன்னே வந்தால் கூடுவது 0.8 ஸ்டாப். பின்னே போனால் குறைவது 0.6 ஸ்டாப். ரா வடிவில் (கேமரா பதிவானதைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்திருந்தால் இந்த அளவு வேறுபாட்டைக் கணினியில் சிரமமில்லாமல் சரிசெய்துவிடலாம். 3 மீட்டரில் வைத்தால் முன்னே வந்தாலும் அரை ஸ்டாப்தான் மாறும்.

அப்படியானால் விளக்கை ரொம்பத் தள்ளி வைத்துவிடலாமே என்று தோன்றும். தள்ளத் தள்ள, குழந்தையின் இடத்திலிருந்து பார்க்கும்போது சாஃப்ட்பாக்ஸ் சிறியதாகத் தெரியும். ஒளி தரும் பரப்பு சிறிதானால் நிழலின் ஓரம் கடினமாகிவிடும். மென்மை வேண்டும், ஆனால் பரப்பும் வேண்டும். இதற்கு ஒரே வழி பெரிய சாஃப்ட்பாக்ஸ். 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸைக் கொண்டு ஓடும் குழந்தையைப் பிடிப்பது மிகவும் கஷ்டம். உங்களிடம் இருப்பது அதுதான் என்றால், விளக்கைத் தள்ளி வைத்து நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். அந்தத் துணியே புதிய, பெரிய ஒளிப்பரப்பாகிவிடும். துணி விளக்கைத் தொடாமல் இருக்கட்டும், அந்தச் சட்டத்துக்கும் மணல் மூட்டை வேண்டும்.

சரி, அளக்கும் முறை. தரையில் குழந்தை இருக்கப்போகும் நடு இடத்தில் டேப்பால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதிலிருந்து முன்னே, பின்னே, இடப்பக்கம், வலப்பக்கம் அரை மீட்டரில் ஒவ்வொரு குறி. மொத்தம் ஐந்து இடம். லைட் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் கைக்கருவி) இருந்தால் அதன் வெள்ளைக் குமிழைக் குழந்தையின் முகம் இருக்கும் உயரத்தில் பிடித்து, கேமராவை நோக்கித் திருப்பி ஒவ்வோர் இடத்திலும் ஃப்ளாஷ் அடித்துப் படியுங்கள். நடுவில் எஃப் 8 என்று வரும்படி பவரை வையுங்கள். மற்ற நான்கு இடங்களிலும் வருவதைத் தாளில் எழுதுங்கள்.

மீட்டர் இல்லையா? ஒரு சாம்பல் அட்டை (வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிபார்க்க உதவும் நடுத்தரச் சாம்பல் நிற அட்டை) போதும். பொம்மையின் முகத்தருகே அட்டையை வைத்து, சட்டகம் முழுக்க அட்டை வரும்படி படமெடுங்கள். ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) ஒற்றைக் கோபுரமாக நடுவில் நின்றால் சரி. ஐந்து இடத்திலும் எடுத்து, கோபுரம் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். கேமராத் திரையின் பிரகாசத்தை நம்ப வேண்டாம். அறை இருட்டாக இருந்தால் மங்கலான படம்கூடத் திரையில் பளிச்சென்று தெரியும்.

ஐந்து இடத்துக்கும் நடுவே ஒரு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் விளக்கைத் தள்ளுங்கள், அல்லது சாஃப்ட்பாக்ஸின் நடுவைப் பெருக்கல் குறிக்குக் காட்டாமல், விளக்குக்கு மறுபுறம் உள்ள குறியை நோக்கிக் கொஞ்சம் திருப்புங்கள். நடுவிலிருந்து வரும் வலுவான ஒளி தூரத்துக்கும், ஓரத்திலிருந்து வரும் மென்மையான ஒளி பக்கத்துக்கும் கிடைக்கும். எனக்கு இது பல நாள் கைகொடுத்திருக்கிறது.

வெளிச்சம் சரியாக இருக்கும் எல்லையைக் கண்டுபிடித்ததும் அந்த அளவுக்கு ஒரு விரிப்பைப் போட்டுவிடுங்கள். குழந்தை விரிப்புக்குள் இருக்கும் வரை நீங்கள் கேமராவைத் தொட வேண்டியதில்லை. விளக்கு இருக்கும் பக்கத்து ஓரத்தை மட்டும் மெத்தையோ பெரிய பொம்மையோ வைத்து அடைத்துவிடுங்கள், வெளிச்சம் வேகமாக ஏறுவது அந்தப் பக்கம்தான்.

அபெர்ச்சரில் எஃப் 8 சொன்னதற்கும் இதே காரணம்தான். பெரியவரை எஃப் 2.8-இல் எடுப்பது போலக் குழந்தையை எடுத்தால், அது தலையை முன்னே நீட்டும் நொடியில் ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். எஃப் 8-இல் கொஞ்சம் முன்பின் ஆனாலும் கண் தெளிவாக இருக்கும். பவர் போதவில்லையென்றால் ஐஎஸ்ஓவை 200 அல்லது 400 ஆக்குங்கள். இன்றைய கேமராவில் அந்த அளவுக்குத் தரம் கெடாது.

நிழல் பக்கம், பின்திரை

விளக்குக்கு எதிர்ப்பக்கம் ரிஃப்ளெக்டரை வைத்து, நிழல் பக்கக் கன்னம் ஒளிப் பக்கத்தைவிட ஒரு ஸ்டாப் அளவே இருண்டிருக்கும்படி செய்யுங்கள். குழந்தை முகத்துக்கு அதற்கு மேல் இருள் வேண்டாம் என்பது என் விருப்பம். அது திரும்பிக்கொண்டே இருக்கும், ஆழமான நிழலில் பாதி முகம் போய்விட்டால் நல்ல சிரிப்பும் போய்விடும்.

பின்திரைக்கும் குழந்தைக்கும் நடுவே ஒன்றரை மீட்டராவது விடுங்கள். பின்திரையை வெள்ளையாக்கத் தனி விளக்கு வைத்தால், முகத்தில் அளந்ததைவிட ஒரு ஸ்டாப் கூட இருந்தாலே வெள்ளை வந்துவிடும். அதற்கு மேல் போனால் ஒளி பின்னாலிருந்து வழிந்து முடியின் ஓரத்தைக் கரைத்துவிடும். மென்மையான குழந்தை முடியில் இது உடனே தெரியும்.

நிறம்

வொயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாதீர்கள். குழந்தை சிவப்பு உடையில் ஒரு படம், போர்வைக்குள் ஒரு படம் என்று மாறும்போது கேமரா ஒவ்வொன்றுக்கும் வேறு நிறம் யோசிக்கும். சாம்பல் அட்டையைப் படமெடுத்து அதை வைத்தே நிறத்தை நிலைப்படுத்துங்கள், அல்லது 5500 கெல்வின் என்று வைத்துவிடுங்கள். பெரும்பாலான ஸ்டூடியோ ஃப்ளாஷ்கள் அதன் அருகில்தான் இருக்கும்.

அப்புறம் பொம்மையின் தாடைக்குக் கீழ் ஒரு வெள்ளைத் துண்டைச் செருகி ஒரு படம் எடுங்கள். துண்டில் பச்சையோ நீலமோ படிந்திருந்தால், பக்கத்துச் சுவரோ தரை விரிப்போ தன் நிறத்தை முகத்தில் வீசுகிறது. கண் இதைக் கவனிக்காது, கேமரா விடாது. நீங்கள் போட்டிருக்கும் சட்டையும் இதில் சேரும். குழந்தைக்கு முன்னால் தரையில் குனிந்து உட்காரப்போவது நீங்கள்தானே. படமெடுக்கும் நாளில் சாம்பலோ கறுப்போ அணியுங்கள்.

கருமையான தோல் உள்ள குழந்தையைப் படமெடுக்கும்போது ஹிஸ்டோகிராம் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும். அது சரிதான். மீட்டரோ சாம்பல் அட்டையோ சொன்ன அளவை நம்புங்கள், தோலை வெளுப்பாக்க வெளிச்சத்தைக் கூட்ட வேண்டாம். கன்னத்தின் வளைவைக் காட்ட வேண்டுமென்றால் பெரிய, மென்மையான ஒளிப்பரப்பு கன்னத்தில் பளபளப்பாகப் படரும்படி விளக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்துங்கள். அந்தத் தோலுக்கே உரிய அழகு அப்போது தெரியும்.

தொடர்ந்து அடித்துப் பாருங்கள்

குழந்தை சிரிக்கும்போது நாம் ஒரு படத்தோடு நிறுத்தமாட்டோம். நொடிக்கு ஒன்று, இரண்டு என்று அழுத்துவோம். ஃப்ளாஷ் அதற்கு ஈடுகொடுக்குமா?

பொம்மையை நோக்கிப் பத்து படம் விடாமல் எடுங்கள். பத்தையும் வரிசையாகப் பாருங்கள். நடுவில் ஒன்று இருண்டிருந்தால் ஃப்ளாஷ் முழுதாக நிரம்பும் முன் நீங்கள் அழுத்திவிட்டீர்கள். நல்ல சிரிப்பு அந்த இருண்ட படத்தில்தான் மாட்டிக்கொள்ளும், என் அனுபவத்தில் பல தடவை அப்படி ஆகியிருக்கிறது. பவரைக் கால் பங்குக்கோ அதற்கும் கீழோ இறக்கி, ஐஎஸ்ஓவைக் கூட்டிச் சமன் செய்யுங்கள். பவர் குறைந்தால் நிரம்பும் நேரமும் குறையும். பவரை மாற்றினால் நிறம் சற்று மாறும் ஃப்ளாஷ்களும் உண்டு, ஆகவே அட்டையை ஒருமுறை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

அசைவு உறைகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். ஒரு ரிப்பனை உதவியாளர் வேகமாக ஆட்டட்டும். படத்தில் ரிப்பனின் ஓரம் கூர்மையாக இருந்தால் குதிக்கும் குழந்தையும் கூர்மையாக வரும். சில ஃப்ளாஷ்களில் பவர் குறையக் குறைய ஒளிவீச்சின் நேரம் குறுகும், பழைய வகை சிலவற்றில் நீளும். உங்களுடையது எது என்று ரிப்பனே சொல்லிவிடும்.

ரேடியோ ட்ரிகரை நின்ற இடத்திலிருந்து மட்டும் சோதிக்காதீர்கள். குப்புறப் படுத்து, கேமராவைத் தரையில் வைத்து, அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் அழுத்திப் பாருங்கள். குழந்தையின் கண்மட்டத்தில் எடுக்க அப்படித்தான் படுக்கப்போகிறீர்கள். ட்ரிகருக்குப் புது பேட்டரி போடுங்கள்.

ஃப்ளாஷ் நிரம்பியதும் எழுப்பும் பீப் ஒலியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் குழந்தை அந்தப் பக்கம் திரும்பும்.

ஃப்ளாஷுக்குப் பதில் தொடர்ந்து எரியும் எல்இடி விளக்கு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஷட்டர் 1/1000-இல் பத்து படம். ஒன்றுக்கொன்று பிரகாசம் மாறினாலோ பட்டை பட்டையாக விழுந்தாலோ அந்த விளக்கு துடிக்கிறது, அதில் வேகமான ஷட்டர் வைக்க முடியாது.

குழந்தை இருக்கும் இடத்தில் நீங்கள் உட்காருங்கள்

எல்லாம் முடிந்ததும் பெருக்கல் குறியில் நீங்களே உட்கார்ந்து, உதவியாளரை நான்கைந்து தடவை ஃப்ளாஷ் அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண் கூசினால் குழந்தைக்கும் கூசும். சாஃப்ட்பாக்ஸின் உள்துணி, வெளித்துணி இரண்டையும் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மூடாத வெறும் ஃப்ளாஷைக் குழந்தையின் முகத்துக்கு அருகே ஒருபோதும் அடிக்காதீர்கள். ஒளி மின்னுவதால் வலிப்பு வரும் தன்மை குழந்தைக்கோ கூட வருபவர்களுக்கோ இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இருந்தால் ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சமோ துடிக்காத எல்இடி விளக்கோ போதும்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவோ அப்பாவோ எங்கே நிற்பது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். குழந்தை அவர்களைத்தான் பார்க்கும். முதன்மை விளக்கு இருக்கும் பக்கம், கேமராவுக்கு ஒட்டினாற்போல அவர்கள் நின்றால் முகம் தானாக ஒளியை நோக்கித் திரும்பும். எதிர்ப்பக்கம் நின்றால் நீங்கள் அமைத்த வெளிச்சமெல்லாம் குழந்தையின் காதில்தான் விழும்.

இறுதி அளவுகளை ஒரு தாளில் எழுதுங்கள்: விளக்கின் உயரம், தூரம், பவர், ஐஎஸ்ஓ, அபெர்ச்சர், ஷட்டர். ஸ்டாண்டின் கால்கள் இருக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். மொத்த அமைப்பையும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த தடவை பாதி வேலை மிச்சம்.

குழந்தை வந்ததும்

உடனே விரிப்பில் உட்கார வைக்காதீர்கள். கொஞ்ச நேரம் அறையைப் பார்க்கட்டும். ட்ரிகரை அதன் கையருகே கொண்டுபோய், பட்டனை அதன் விரலாலேயே அழுத்தவிட்டு விளக்கு மின்னுவதைக் காட்டுங்கள். தானே மின்ன வைத்த வெளிச்சத்துக்குப் பெரும்பாலான குழந்தைகள் பயப்படுவதில்லை, இன்னொரு தடவை என்று கேட்கும். அப்படியும் மிரண்டால் பவரை ஒரு ஸ்டாப் குறைத்து ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்குங்கள், படம் மாறாது.

விரிப்புக்கு வந்து உட்கார்ந்ததும் ஒரு படம். திரையில் கண்ணைப் பெரிதாக்கி ஒளிப்பொட்டையும் ஃபோகஸையும் பாருங்கள், கன்னத்தில் வெளுப்பு எச்சரிக்கை (அதிகமாக வெளுத்த இடத்தைக் கேமராத் திரை மினுக்கிக் காட்டுவது) மினுங்குகிறதா என்று பாருங்கள். ஐந்து நொடி வேலை. சரியாக இருந்தால் திரையை அணைத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொள்ளுங்கள். குழந்தை எங்கே தவழ்ந்தாலும் வெளிச்சம் அங்கே ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கிறது, நீங்கள் அதன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.